எட்டுக் கடன்களிலிருந்து ஒரு கடனுக்கு: திருப்பூர்த் தொழிலாளர் குடும்பம் ஒன்றின் கடனடைப்பு, 2021–2025

பின்னணி

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் ஓவர்லாக் டெய்லராக வேலை செய்யும் கணவர், வேறொரு கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை செய்யும் மனைவி, எட்டாம் வகுப்பில் ஒரு மகள், நான்காம் வகுப்பில் ஒரு மகன், கணவரின் தாயார் ஆகிய ஐவர் கொண்ட வாடகை வீட்டுக் குடும்பம் இது. திண்டுக்கல் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து பிழைப்புக்காக வந்தவர்கள். 2021 அக்டோபர் கடைசியில், தீபாவளிக்கு முன்பாக, இனிக் கடன் வாங்குவதற்குப் புதிய இடம் எதுவும் மிச்சமில்லை என்ற நிலையில் மனைவி என்னிடம் ஆலோசனை கேட்டு வந்தார். அன்று தொடங்கி நான்காண்டுகள் அவர்களுடைய கணக்கைக் கூட இருந்து பார்த்ததன் அடிப்படையில் இந்தப் பதிவு எழுதப்படுகிறது. அடையாளம் தெரியாதிருக்கும் பொருட்டுச் சில விவரங்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

திருப்பூரில் சம்பளம் சனிக்கிழமைதோறும் கைக்கு வரும். எத்தனை ஷிப்ட் பார்த்தார்களோ அத்தனைக்கே கூலி. வேலை சீராக உள்ள மாதத்தில் இருவருக்குமாக ஏறத்தாழ 23,000 ரூபாய் வந்தது. ஆர்டர் குறைந்த மாதங்களில் அது 16,000 வரை இறங்கும். 2021 மே மாத முழு ஊரடங்கில் வேலை நின்றுபோன வாரங்கள்தாம் இவர்களைக் கடனில் தள்ளின என்று இருவரும் உறுதியாக நம்பினார்கள். கணக்கெடுத்துப் பார்த்தபோது அது பாதிதான் உண்மை என்று தெரிந்தது.

கணக்கெடுப்பில் தெரிந்தவை

மொத்தக் கடன் இரண்டு லட்சம் இருக்கும் என்று மனைவி சொன்னார். கணவரையும் உட்கார வைத்து, ரசீதுகளையும் மகளிர் கடன் குழு அட்டைகளையும் நகை அடகுச் சீட்டுகளையும் ஒன்றாக வைத்துக் கூட்டியதில் அது 3,05,700 ரூபாயாக வந்தது. இந்த வேறுபாட்டுக்கு மறதி காரணமில்லை. தன் தந்தையின் இறப்பின்போது ஒருவரிடம் மூன்று வட்டிக்கு, அதாவது நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டிக்கு, புரோநோட்டு எழுதிக் கொடுத்து வாங்கிய 60,000 ரூபாயின் அசல் அப்படியே நிற்பதைக் கணவர் வீட்டில் சொல்லியிருக்கவில்லை. குழுத் தவணை கட்டுவதற்காகத் தண்டலில் (நாள்தோறும் வசூலிக்கப்படும் கடனில்) எடுத்த பணத்தை மனைவி கணவரிடம் சொல்லியிருக்கவில்லை. இருவருமே மற்றவருக்குக் கவலை தரக்கூடாது என்றுதான் மறைத்திருக்கிறார்கள். அன்று அவர்களுக்குள் ஏற்பட்ட மனத்தாங்கல் ஆறுவதற்குச் சில வாரங்கள் ஆயின. ஆனாலும் ஒளிந்திருந்த இரண்டு கடன்களும் வெளியே வராமல் எந்தத் திட்டமும் நின்றிருக்காது.

வங்கியில் நான்கு பவுன் சங்கிலியின் மேல் 1,00,000 ரூபாய் நகைக்கடன், ஆண்டுக்கு 9 சதவீத வட்டியில் இருந்தது. அடகுக் கடையில் மகளின் சங்கிலியும் கணவரின் மோதிரமுமாக ஒன்றரைப் பவுனுக்கு 35,000 ரூபாய், மாதம் இரண்டு வட்டி. நுண்கடன் நிறுவனங்களின் இரண்டு மகளிர் குழுக்களில் முறையே 22,000, 31,000 ரூபாய் மீதம். முதலாவதற்கு வாரம் 720, இரண்டாவதற்கு மாதம் 2,150. புரோநோட்டுக் கடனுக்கு மாதம் 1,800 வட்டி. கையில் 18,000 பெற்று நாளொன்றுக்கு 200 வீதம் நூறு நாள் கட்டும் தண்டலில் 9,000 மீதம். மகளின் இணையவழி வகுப்புக்காக வாங்கிய கைப்பேசிக்கும் ஒரு குளிர்பதனப் பெட்டிக்குமாக மாதம் 1,450 வீதம் ஆறு தவணைகள். கடைசியாக, கணவரின் அக்காள் வட்டியில்லாமல் கைமாற்றாகக் கொடுத்த 40,000.

இவற்றுக்கு மட்டும், வங்கி நகைக்கடனின் ஆண்டு வட்டியை மாதக் கணக்காக்கிச் சேர்த்தால், மாதம் 15,970 ரூபாய் போனது. வாடகை 4,500, சாப்பாடு உள்ளிட்ட வீட்டுச் செலவு 10,500. வருமானத்தைக் கழித்தால் மாதந்தோறும் எட்டாயிரம் ரூபாய்த் துண்டு விழுந்தது. அந்தத் துண்டை அடைக்கத்தான் அடுத்தடுத்த கடன் வாங்கப்பட்டிருந்தது. வருமானத்தில் 69 சதவீதம் கடனுக்கே போயிற்று. நுண்கடன் வாங்கும் குடும்பத்தின் மாதக் கடன் தவணைகள் வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்ற ரிசர்வ் வங்கியின் விதி 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அந்த விதியின் கண்ணுக்குத் தண்டலும் புரோநோட்டும் உறவினர் கைமாற்றும் தெரிவதில்லை. அவை எந்தக் கடன் தகவல் அறிக்கையிலும் ஏறுவதில்லை.

கடன்களின் தொகையை விட அவை வாங்கப்பட்ட தேதிகளே எனக்கு அதிகம் உணர்த்தின. எட்டில் ஐந்து கடன்கள், பள்ளி திறக்கும் ஜூன் மாதத்திலோ ஆவணி, தை ஆகிய முகூர்த்த மாதங்களிலோ வாங்கப்பட்டவை. மனைவி வைத்திருந்த மொய் நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தோம். மகளின் சடங்குக்கும் அதற்கு முன் காதுகுத்துக்கும் வந்த மொய் பெயர் பெயராக எழுதப்பட்டிருந்தது. அந்த நோட்டில் உள்ளவர் வீட்டில் விசேஷம் என்றால் வாங்கியதற்குக் குறையாமல் திருப்பி எழுத வேண்டும். ஆண்டுக்கு ஏறத்தாழ 14,000 ரூபாய் இப்படிப் போனது. கடன் பட்டியலிலும் செலவுப் பட்டியலிலும் அது இடம்பெறவில்லை. எதிர்பாராத செலவு என்ற பெயரில் ஆண்டுதோறும் அதே மாதங்களில் வந்துகொண்டிருந்தது.

முதல் முடிவுகள்: 2021 நவம்பர் முதல் 2022 ஏப்ரல் வரை

முதல் முடிவு, அந்த ஆண்டுத் தீபாவளி போனஸைப் பற்றியது. இருவருக்குமாக வந்த 19,000 ரூபாயில் 7,000 ரூபாய் பிள்ளைகளின் துணிக்கும் பலகாரத்துக்கும் ஊருக்குப் போய்வரவும் ஒதுக்கப்பட்டது. 12,000 ரூபாய் தண்டல் முடியும் வரையிலான துண்டை அடைப்பதற்கு வைக்கப்பட்டது. பணம் முழுவதையும் கடனுக்கே கொடுத்துவிடலாம் என்று கணவர் சொன்னார். பண்டிகையை முழுதாகத் துறந்த குடும்பங்கள் அடுத்த மாதமே சோர்ந்து, விட்டதைப் பிடிக்கச் செலவழிப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆகவே அந்த 7,000 ரூபாயை நான் வற்புறுத்தினேன்.

தண்டலின் உண்மையான வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 78 சதவீதம். ஆயினும் அதை முன்கூட்டியே முடிக்கவில்லை. வட்டியைத் தொடக்கத்திலேயே பிடித்துக்கொண்டுதான் கொடுத்திருந்தார்கள். முன்னதாகக் கட்டினால் ஒரு ரூபாயும் குறையாது. மீதி 45 நாளும் கட்டி, டிசம்பர் நடுவில் அது தானாகவே முடிந்தது. மறுபடி எடுக்கக்கூடாது என்பதொன்றே அங்கே செய்ய வேண்டியிருந்தது. தண்டலையும் கந்து வட்டி, மீட்டர் வட்டி முதலியவற்றையும் தடை செய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 2003 முதல் இருக்கிறது என்பதைத் தெரிவித்தேன். புகார் கொடுக்க அவர்கள் விரும்பவில்லை. வசூலிக்க வருபவர் அதே தெருக்காரர், ஊரடங்கில் வேறு யாரும் கொடுக்காதபோது கொடுத்தவர் என்பது அவர்கள் சொன்ன காரணம். மிரட்டல் எதுவும் இல்லாத நிலையில் அந்த முடிவை மதிப்பதே முறை என்று பட்டது.

அடுத்து, அடகுக் கடை நகையை மாற்றி வைத்தார்கள். உடன் வேலை செய்பவர் ஒருவர் ஒரு நாளைக்குக் கொடுத்த 35,000 ரூபாயில் நகையை மீட்டு, அன்றே கூட்டுறவுச் சங்கத்தில் அதே தொகைக்கு வைத்துப் பணத்தைத் திருப்பினார்கள். மாதம் 700 ரூபாயாக இருந்த வட்டி 300 ரூபாய் அளவுக்கு இறங்கியது. சங்கத்தில் கூடுதலாகவே கொடுக்க முன்வந்தார்கள், பெற்றுக்கொள்ளவில்லை. மனைவி ஷேர் ஆட்டோவை விட்டு, 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணமில்லாதிருந்த சாதாரண நகரப் பேருந்துக்கு மாறியதில் மாதம் 500 ரூபாய் மிஞ்சியது. அதற்காகக் காலையில் அரை மணி முன்னதாகப் புறப்பட வேண்டியிருந்ததால் மகனைப் பள்ளிக்குக் கிளப்பும் வேலை பாட்டியிடம் போயிற்று.

இவ்வளவுக்குப் பிறகும் மாதம் 1,100 ரூபாய் இடித்தது. கணவர் ஞாயிற்றுக்கிழமைகளில் அரை ஷிப்ட் பார்த்து அதைச் சரிக்கட்டினார். கைப்பேசி, குளிர்பதனப் பெட்டித் தவணைகள் ஏப்ரலில் முடிந்ததும் ஞாயிறு வேலையை நிறுத்திவிட வேண்டும் என்று மனைவி உறுதியாகச் சொன்னார். கடன் சீக்கிரம் தீருமே என்று கணவர் தயங்கினார். வாரத்தில் ஒரு நாளாவது பிள்ளைகள் அப்பாவை விழித்திருக்கும்போது பார்க்க வேண்டும் என்ற மனைவியின் வாதம்தான் நின்றது.

சனிக்கிழமை இரவுக் கணக்கும் இந்தக் காலத்தில்தான் பழக்கமாயிற்று. சம்பளம் வந்த இரவே வாடகை, குழு, வட்டி, வீட்டுச் செலவு என்று தனித்தனி உறைகளில் பணத்தைப் பிரித்து வைத்தார்கள். நோட்டில் எழுதியது மகள். பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு வீட்டுக் கடன் முழுவதும் தெரிய வேண்டுமா என்று நான் தயங்கியது உண்டு. ஆனால் வாசலில் வந்து நிற்பவர்களை அவள் ஏற்கெனவே பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். எண்கள் தெரிந்த பிறகு அவளுடைய பயம் குறைந்ததாகவே தாய் சொன்னார்.

2022 கோடை

நூல் விலை ஏற்றத்தால் 2022 மே மாதத்தில் திருப்பூரில் உற்பத்தி முடங்கியபோது, இருவருக்கும் வாரத்துக்கு மூன்று, நான்கு ஷிப்ட்தான் கிடைத்தது. அதற்கு முந்தைய மாதம்தான் வரவும் செலவும் சமநிலைக்கு வந்திருந்தன. கையிருப்பு என்று எதுவும் இல்லை. அந்த மாதம் பக்கத்து வீட்டில் 5,000 ரூபாய் கைமாற்று வாங்கினார்கள். ஒரு மாத வாடகை நின்றுபோனது. குழுத் தவணையை மட்டும் தவறவிடவில்லை. ஒருவர் கட்டாவிட்டால் மற்றப் பெண்கள் போட்டுக் கட்ட வேண்டியிருக்கும் என்பதால் அது மானப் பிரச்சினையாக இருந்தது.

ஜூன் நடுவில் முதல் குழுக்கடன் முடிந்தது. முடிந்த வாரமே 50,000 ரூபாய்க்குப் புதிய கடன் தருவதாக அந்த நிறுவனத்தின் களப்பணியாளர் வந்தார். வாடகை பாக்கி, பக்கத்து வீட்டுக் கடன், பள்ளி திறப்பு எல்லாம் ஒன்றாக நின்ற நேரம் அது. போதாக்குறைக்கு, இவர் விலகினால் குழுவில் ஆள் எண்ணிக்கை குறையும், மற்றவர்களின் கடனும் தள்ளிப்போகும் என்று உடன் இருந்த பெண்கள் வற்புறுத்தினார்கள். நான்காண்டுக் கணக்கில் மிகக் கடினமான முடிவு இதுதான் என்பது என் கருத்து. வாங்கியிருந்தால் அன்றைய நெருக்கடி அன்றே தீர்ந்திருக்கும். வாரத் தவணை மட்டும் முன்னைவிடப் பெரிதாகத் தொடர்ந்திருக்கும். மனைவி மறுத்துவிட்டார். தன் இடத்துக்கு வேறொரு பெண்ணைத் தானே தேடிச் சேர்த்துவிட்டதால் குழுவினருடனான உறவும் முறியவில்லை.

அந்த வாரத் தவணையிலிருந்து மாதத்துக்கு விடுபட்ட 3,120 ரூபாய் செப்டம்பர் வரை வாடகை பாக்கிக்கும் பக்கத்து வீட்டுக்கும் போயிற்று. அக்டோபரிலிருந்து கையில் நின்ற 3,470 ரூபாயில் மாதம் 1,200 மொய்க்கென்றும் 500 அவசரத்துக்கென்றும் முதலில் எடுத்து வைத்து, மீதியை மட்டுமே கடனுக்கு ஒதுக்கினார்கள். மொய்க்கு உறை போட்ட பிறகு எந்த முகூர்த்த மாதத்திலும் இந்தக் குடும்பம் கடன் வாங்கவில்லை.

நாத்தனாரின் பணம்

புரோநோட்டுக் கடன் கொடுத்தவர் அசலை மொத்தமாகத்தான் வாங்குவேன் என்று நெடுநாள் சொல்லிவந்தார். வட்டி மட்டும் மாதாமாதம் வந்துகொண்டிருப்பது அவருக்கு வசதி. கட்டுபவருக்கோ அது வெளியேறும் வழியே இல்லாத அறை. கணவர் பலமுறை பேசியதில், 15,000 வீதம் நான்கு பகுதிகளாக வாங்கவும், ஒவ்வொரு முறையும் பழைய நோட்டைக் கிழித்து மீதித் தொகைக்குப் புதிதாக எழுதவும் அவர் இணங்கினார். ஒவ்வொரு பகுதிக்கும் மாதம் 450 ரூபாய் வட்டி குறையும்.

2022 தீபாவளி போனஸில் ஒதுக்கியதும் மாதச் சேமிப்பும் சேர்ந்து 2023 தை மாதத்தில் 18,000 ரூபாய் கையில் இருந்தது. புரோநோட்டின் முதல் பகுதியை அடைப்பதுதான் சரி என்று நான் கருதினேன். ஆண்டுக்கு 36 சதவீதம் வட்டியுள்ள கடனை விட்டுவிட்டு வட்டியே இல்லாத கடனைக் கட்டுவதற்குக் கணக்கில் நியாயம் கிடையாது. ஆனால் அந்தத் தை மாதத்தில் நாத்தனாரின் மகளுக்குக் கல்யாணம். “அவங்க வாய் திறந்து கேக்க மாட்டாங்க, கேக்குற நெலமைக்கு நாம விடக் கூடாது” என்றார் மனைவி. கணவருக்கும் அதே எண்ணம். 15,000 ரூபாயைக் கல்யாணத்துக்கு முன்பே கொண்டுபோய்க் கொடுத்து, மொய்யையும் தனியாக எழுதினார்கள். புரோநோட்டின் முதல் பகுதி ஜூலைக்குத் தள்ளிப்போயிற்று. ஆறு மாத வட்டியாக அதற்கு 2,700 ரூபாய் விலை கொடுத்தார்கள்.

2024 ஜனவரியில் கணவரின் தாயாருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சைச் செலவு அடங்கியது. வெளிப் பரிசோதனை, போக்குவரத்து, உடனிருப்பவர் செலவு என்று 9,000 ரூபாய் ஆயிற்று. அவசர உறையில் இருந்த 7,500 ரூபாய் அதற்குக் கைகொடுத்தது. அதன் பின் இரண்டு மாதம் தாயாரைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவர் நாத்தனார். அவர் முன்வராதிருந்தால் மனைவி வேலைக்குப் போயிருக்க முடியாது. ஏறத்தாழ 16,000 ரூபாய்ச் சம்பளம் நின்றிருக்கும். பணத்தைத் திருப்பிக் கொடுத்ததற்குப் பிரதியாக அவர் அதைச் செய்தார் என்று சொல்ல நான் விரும்பவில்லை. பெற்ற தாயைப் பார்ப்பது அவருக்கு இயல்பு. ஆயினும் கல்யாணச் செலவில் தவித்தபோது தம்பி வீட்டார் கைவிரித்திருந்தால், அந்த வீட்டு வாசலில் போய் நிற்க இவர்களுக்கு முகம் இருந்திருக்காது.

அசல் கரைந்த காலம்: 2023 ஏப்ரல் முதல் 2025 வரை

இரண்டாவது குழுக்கடன் 2023 மார்ச்சில் முடிந்த பிறகு ஓட்டம் சீரானது. ஒவ்வொரு கடனும் முடியும்போது அதற்குப் போன தொகை வீட்டுச் செலவில் கரையாமல் அடுத்த கடனுக்குப் போயிற்று. கூலி உயர்வு விலைவாசி உயர்வோடு ஏறத்தாழ சரியாகிவிட்டதால் அதிலிருந்து பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை. புரோநோட்டு 2023 ஜூலையிலும் நவம்பரிலும் 2024 பிப்ரவரியிலும் ஏப்ரலிலுமாக நான்கு பகுதிகளில் அடைந்தது. நாத்தனாருக்கு மீதியிருந்த 25,000 அந்த ஆண்டு ஆவணிக்குள் போயிற்று. போனஸோடு சேர்த்து 2024 டிசம்பர் கடைசியில் மகளின் சங்கிலியும் கணவரின் மோதிரமும் மீண்டன.

மீதமிருந்தது வங்கி நகைக்கடன் ஒரு லட்சம். இத்தனை ஆண்டும் வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பித்து வந்தார்கள். 2025 ஏப்ரலில் புதுப்பிக்கப் போனபோது, அசலையும் கட்டி நகையை மீட்ட பிறகே மறுபடி வைக்க முடியும் என்று வங்கியில் சொன்னார்கள். கையில் அந்த ஆண்டின் சேமிப்பு 25,000 ரூபாய் இருந்தது. மீதி 75,000 ரூபாயை நாத்தனாரும் இன்னொரு உறவினரும் ஒரு நாளைக்குக் கொடுத்தார்கள். தங்கத்தின் விலை ஏறியிருந்ததால் அதே சங்கிலிக்கு முன்பைவிட மிக அதிகமாகக் கிடைத்திருக்கும். 75,000 ரூபாய்க்கு மட்டுமே வைத்தார்கள்.

2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்களுக்கான அமெரிக்க வரி 50 சதவீதமானபோது கணவரின் கம்பெனியில் ஷிப்டுகள் மீண்டும் குறைந்தன. இம்முறை இழப்பில் ஏறத்தாழ 8,000 ரூபாயைச் சேமிப்பிலிருந்து எடுத்துச் சமாளித்தார்கள். நகைக்கடனின் அசலைக் குறைப்பது நின்றது. புதிய கடன் எதுவும் வாங்கப்படவில்லை. இதை எழுதும் நேரத்தில் குடும்பத்தின் கடன் அந்த 75,000 மட்டுமே.

இன்னொரு குடும்பத்துக்கு என்றால் மாற்ற வேண்டியவை

அவசர உறை முதல் வாரத்திலேயே தொடங்கப்பட வேண்டும். கடன் கழுத்தை நெரிக்கும்போது வாரம் நூறு ரூபாயை ஒதுக்கி வைப்பது வீண் என்று தோன்றும். ஆனால் ஷிப்டுக் கூலியில் வாழும் வீட்டில் வேலை குறையும் மாதம் வராமல் இருக்காது. இவர்களிடம் 2022 மே மாதத்தில் 5,000 ரூபாய் இருந்திருந்தால் புதிய குழுக்கடனின் வாசல்வரை போயிருக்கத் தேவையில்லை.

மொய் நோட்டையும் பள்ளி திறப்புச் செலவையும் கடன் பட்டியலோடு சேர்த்தே முதல் நாளில் எடுத்து வைக்கச் சொல்வேன். வங்கிச் சீட்டுகளைக் கேட்கும் ஆலோசகர்கள் பெரும்பாலும் இந்த நோட்டைக் கேட்பதில்லை.

உறவினர் கைமாற்றை வட்டியில்லாத கடன் என்ற ஒரே காரணத்தால் பட்டியலின் கடைசியில் தள்ளுவதில்லை. அவர்கள் வீட்டில் எப்போது பணம் தேவைப்படும் என்பதைக் கேட்டு, அந்த மாதத்தை அதன் கெடு நாளாகக் குறித்துக்கொள்வது சரியான முறை. இந்தக் குடும்பத்தில் அதை மனைவி தாமாகவே செய்தார்.

நகையை மாற்றி வைப்பதில் ஒரு நாள் பணத்துக்கு ஆள் வேண்டியிருப்பதையும் கவனிக்க வேண்டும். இவர்களுக்கு இரண்டு முறையும் ஆள் கிடைத்தது. கிடைக்காதவர்கள் அந்த ஒரு நாளுக்காகவே தண்டலுக்குப் போய்விடுகிறார்கள். அப்படிப்பட்ட குடும்பத்துக்கு, நகைகளில் சிறியதொன்றை விற்று மற்றதை மீட்பதை நான் முதலிலேயே பேசிவிடுவேன்; அந்தப் பேச்சில் கணவன், மனைவி இருவரும் உடனிருக்க வேண்டும்.